சூம்பல் என்று தள்ளியவை

ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய். அந்த ஜூன் மாதம் முதல் தேதியில் நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டவேண்டிய பாக்கி அது. என் மகன் வேலு பிறந்த இருபதாம் நாளில் அவன் குடலை அறுத்துச் சரிசெய்தார்கள். அதற்கான கடன். எட்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தோம். பிற்பாடு மாசாமாசம் என் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தருவார்கள். எனக்கு வேலை கொடுத்ததும் அதே ஆஸ்பத்திரிதான்.

அந்தக் கடனைப் பற்றி நான் ஒருநாளும் முனகியதில்லை. வீட்டுக்காரர் முனகுவார். அவர் மூட்டை தூக்குகிறவர்; முதுகு வலிக்கும்போதெல்லாம் கடனைத் திட்டுவார். "பிள்ளை உசுரோட இருக்கான்ல?" என்பேன். பேச்சு அதோடு நின்றுவிடும். என்னைப் பொறுத்தவரை அந்தத் தொகைதான் அவன் பிழைத்ததற்குச் சாட்சி. அவ்வளவு பெரிய தொகையை ஒருத்தன் சும்மாவா கேட்பான்?

நான் முன்னால் விருதுநகரில் பருப்பு மில்லில் இருந்தேன். சொளகில் பருப்பைப் பரப்பிக் கல்லையும் சொத்தையையும் சூம்பலையும் பொறுக்குகிற வேலை. பதினோரு வருஷம். அப்புறம் நிறம் பார்த்துப் பிரிக்கிற மிஷின் வந்தது. ஒரே மாசத்தில் நூற்றிருபது பெண்கள் வெளியே நின்றோம். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, நாற்பது திரைகளை வரிசையாக வைத்து, மில்லில் இருந்த பெண்களையே கூப்பிட்டார்கள். அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. நாங்கள் கண் கொட்டகை என்போம்.

வேலை இதுதான். சில பிள்ளைகள் பிறந்து இரண்டு நாள் ஆகியும் வெளிக்குப் போகாது. வயிறு மத்தளம் மாதிரி வீங்கும். பச்சையாக வாந்தி எடுக்கும். அதில் சில பிள்ளைகளுக்குக் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணு பிறவியிலேயே இருக்காது. தள்ளு என்று குடலுக்குச் சொல்ல ஆள் இல்லை. அப்படித்தானா என்று பார்க்க ஆசனவாய் வழியாக எள்ளளவு சதையைக் கிள்ளி எடுப்பார்கள். ஒரு மிஷின் அந்த எள்ளை வெளிச்சத்தாலேயே ஆயிரம் ஏடாகச் சீவிப் படம் எடுக்கும். அந்தப் படங்கள் எங்கள் திரைக்கு வரும். நரம்பணு இருக்கிறதா என்று நாங்கள் பார்க்க வேண்டும். நாங்கள் அதைப் பருப்பு என்போம். நல்ல நரம்பணு அப்படித்தான் இருக்கும். கொழுகொழுவென்று, நடுவில் ஒரு புள்ளியோடு.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெப்சி டாக்டரம்மா வந்து விளக்கம் சொன்னார். சதையைப் பார்த்து நோய் சொல்கிற டாக்டர் அவர்.

"மிஷினே எல்லாம் பார்க்கும்னா நாங்க எதுக்கு டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குன்னு சொல்ல ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், குருவம்மா. அதை மிஷினே சொல்லிடும். இல்லேன்னு சொல்லணும்னா ஆயிரத்தையும் பார்க்கணும். ஆயிரத்தையும் பார்த்தப்புறமும் சந்தேகம் இருக்கும். இல்லேன்னு முடிவானா பிள்ளையை அறுக்கணும். அதனால மிஷின் தனியா இல்லேன்னு சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. மூணு மனுசக் கண்ணு பார்த்து இல்லேன்னு சொல்லணும்."

"படிச்ச பிள்ளைங்க எத்தனையோ பேர் சும்மா இருக்காங்களே?"

"வச்சுப் பார்த்தோம். முந்நூறு படம் தாண்டினா அவங்க கண்ணு மேயப் போயிடுது. உங்களுக்குப் போகல."

பக்கத்தில் சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மில்லில் எனக்கு அடுத்த சொளகு. என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். மதினி என்றுதான் கூப்பிடுவேன். "எங்க கண்ணு மேஞ்சா மில்லுல கூலியில பிடிச்சுருவான்ல, தாயி. மேயாமப் பழகிப்போச்சு" என்றாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

சீனியம்மாள் அந்தக் கொட்டகையில் முதல் ஆட்களில் ஒருத்தி. எனக்கு நாலு வருஷம் முன்னாலேயே வந்தவள். தொடக்கத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து மிஷினுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். இது பருப்பு, இது குப்பை என்று அவர்கள் கட்டை அமுக்க அமுக்க, மிஷின் பார்த்துப் பழகியது. வலதுபக்கக் கட்டை 'உண்டு'. இடதுபக்கக் கட்டை 'தள்ளு'. எங்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு கண் எண். நான் முப்பத்தொன்று. சீனியம்மாள் பதினாலு.

பயம் ஒன்றே ஒன்றுதான் அங்கே. நாம் 'இல்லை' என்று முடித்த ஒரு பிள்ளையின் அறிக்கையைப் பிற்பாடு யாராவது 'உண்டு' என்று திருத்தினால், 'இல்லை' சொன்ன மூன்று கண் எண்ணும் ரத்து. அப்புறம் எந்த ஊர்க் கண் கொட்டகையிலும் வேலை கிடையாது. சட்டம் அப்படி. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு அறிக்கையும் திருத்தப்பட்டதில்லை.

*

ஜூன் பத்தாம் தேதி ஒரு பிள்ளையின் படங்கள் வந்தன. என்னுடையது மூன்றாவது கண். முதல் இரண்டு பேரும் 'இல்லை' என்று முடித்திருந்தார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று மேலே சிவப்பில் எழுதியிருந்தது.

அந்த மேல்வரியை யாரும் வாசிக்க மாட்டார்கள். பலருக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் நேரம் கிடையாது. நானும் அதுவரை வாசித்தவள் இல்லை. வேலு ஒன்றாம் வகுப்பில் எழுத்துப் படித்தபோது அவன் புத்தகத்தில் நானும் கூடவே படித்தேன், முப்பத்தைந்து வயசில். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துப் பார்க்கிற வியாதி அப்போது இருந்தது. பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை எதையும் விடமாட்டேன்.

வாசித்தேன். "பெண். வயது 6 நாள். பிறப்பு 31 வாரம்."

முப்பத்தொரு வாரத்தை மாசமாக்கிப் பார்த்தேன். ஏழு மாசம். ஏழாம் மாசத்துப் பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நகம் அரிசி நொய் மாதிரி இருக்கும். காது காகிதம் மாதிரி மடியும்.

கட்டையை அமுக்கி அமுக்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கொழுத்த பருப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் அங்கங்கே, இரண்டு தசை அடுக்குக்கு நடுவில், நாலைந்தாகச் சேர்ந்து சின்னச் சின்னதாக ஏதோ கிடந்தன. சுருங்கி, கறுத்து, ஓரம் மடிந்து. அப்படிப்பட்டதை நான் ஆயிரக்கணக்கில் தள்ளியிருக்கிறேன்.

"மதினி, இது என்ன?"

சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "சூம்பல். தள்ளு."

"சூம்பலும் பருப்புதானே மதினி?"

"மில்லுல அதைச் சொல்லிப் பாரேன், முதலாளி கொழம்பு வச்சுக் குடுப்பான். தள்ளுடி. டீ வரப்போகுது."

என் விரல் இடதுகட்டைமேல் இருந்தது. மில்லில் சூம்பலைத் தள்ள நாம் யோசிப்பதில்லை. கண் பார்ப்பதற்கு முன்னாலேயே கை தள்ளிவிடும். அது வேகாது, ருசிக்காது, விலை போகாது. ஆனால் இந்தப் பிள்ளையின் நகமே நொய் அளவுதான் இருக்கும். அதன் குடலுக்குள் இருப்பது மட்டும் ஏன் கொழுத்திருக்க வேண்டும்?

"ஆளு சின்னதா இருந்தா நரம்பும் சின்னதாத்தான மதினி இருக்கும்?"

சீனியம்மாள் எழுந்துபோகப் பார்த்தவள் நின்றாள். "அதெல்லாம் டாக்டருக்குத் தெரியாதா?"

"டாக்டருக்கு நாம அனுப்புறதுதான தெரியும்."

நான் எழுந்து நடந்தேன். படத்தை முடிக்காமல் இடத்தைவிட்டு எழுந்தால் அரைநாள் கூலி போகும். போனால் போகட்டும் என்று நடந்தேன்.

டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அந்தப் பிள்ளையின் சதையில் மிச்சம் இருந்ததை எடுத்து, பழைய முறையில் கண்ணாடியில் ஏற்றி, மருந்து போட்டு, பெரிய பூதக்கண்ணாடிக் கருவியில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் அசையவே இல்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீங்க பாருங்க."

திரையில் கறுத்துக் கிடந்தவை அந்த மருந்தில் பழுப்பாக மின்னின.

"பருப்புதான், குருவம்மா. விளையாத பருப்பு. இன்னும் ரெண்டு மாசம் போனா விளைஞ்சிடும்."

"அப்ப ஆபரேஷன்?"

"வேண்டாம். கொஞ்சம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணி விட்டு வயித்தைக் கழுவிட்டுப் பொறுத்திருக்கலாம்."

அந்தப் பெண்பிள்ளை ஒன்பதாம் நாள் வெளிக்குப் போனது. அதன் அப்பா கொட்டகை வாசலுக்கே வந்து, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், காவல்காரருக்கு லட்டு கொடுத்துவிட்டுப் போனார். "பீ போனதுக்கு லட்டு கொடுத்த மனுசனை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று சீனியம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்புக்குள் வேறு ஒன்று உட்கார்ந்திருந்தது.

மறுநாள் டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

"இத்தனை நாள் இது ஏன் மாட்டல டாக்டரம்மா?"

"மிஷினுக்குக் கத்துக்குடுத்தது நீங்க பத்துப் பேர். அதாவது உங்களுக்கு முன்னாடி வந்தவங்க. சூம்பலைப் பார்த்தா அவங்க கை தானாத் தள்ளிச்சு. அதைப் பார்த்து மிஷினும் தள்ளக் கத்துக்கிச்சு. அப்புறம் மிஷின் தள்ளினதை அவங்க பார்த்து, சரிதான்னாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சரி சரின்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதையும் சேர்த்துக்கோங்க."

"ஆபரேஷன்ல வெட்டி எடுத்த குடலைத் திரும்பப் பார்ப்பாங்கன்னு சொல்வீங்களே?"

"பார்த்தோம். அதே மிஷின்ல."

நான் கேட்கப்போவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது.

"வேலு ஏழாம் மாசத்துப் பிள்ளை, டாக்டரம்மா."

"தெரியும்."

"அவன் படம் இருக்கா?"

"இருக்கு. எல்லாம் இருக்கு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "குருவம்மா, நல்லா யோசிச்சுக்கோங்க. பார்த்தா ஒரு பதில் வரும். அந்தப் பதிலை வச்சு வெட்டின குடலை ஒட்ட முடியாது."

*

வேலு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வெளிக்குப் போவான். பெருங்குடலில் பாதி இல்லை. பள்ளிக்கூடப் பையில் எப்போதும் ஒரு மாற்று டவுசர் இருக்கும். வகுப்பில் அவனுக்குக் கதவோர இடம்; வாத்தியாரிடம் அனுமதி கேட்காமல் ஓடலாம். முதல் பதினோரு மாசம் வயிற்றில் ஓட்டை போட்டுப் பை மாட்டியிருந்தார்கள். அதை நான் கழுவிக் கழுவி மாட்டியிருக்கிறேன். அதெல்லாம் எனக்குக் கஷ்டமாகவே தெரிந்ததில்லை. பிள்ளை செத்திருப்பான், சாகவில்லை. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டவுசர் துவைப்பது ஒரு கஷ்டமா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"தெரிஞ்சு என்னத்தப் பண்ணப் போற?"

"தெரியணும்ல."

"தெரிஞ்சா, இம்புட்டு நாளும் சும்மா அறுத்துப் போட்டாங்கன்னு ஆகும். தெரியாட்டி, பிள்ளையைக் காப்பாத்துனாங்கன்னு இருக்கும். எது நல்லது சொல்லு."

"உங்களுக்கு எதுங்க நல்லது?"

அவர் தட்டைக் கழுவிவைத்துவிட்டு வந்து, "பாரு" என்றார். "ஆனா அவன்கிட்ட இப்பச் சொல்லாத. அவன் அந்தத் தழும்பைக் காட்டி, நான் செத்துப் பொழைச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறான்."

*

சனிக்கிழமை மத்தியானம் கொட்டகையில் பாதித் திரைகள் அணைந்திருக்கும். டாக்டரம்மா பழைய கோப்புகளிலிருந்து வேலுவின் கோப்பை என் திரைக்கு அனுப்பினார். பார்க்க மட்டும்தான் முடியும், திருத்த முடியாதபடி பூட்டியிருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது படம். மேல்வரியில் "ஆண். வயது 17 நாள். பிறப்பு 30 வாரம்."

சீனியம்மாள் வீட்டுக்குப் போகாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ போ மதினி."

"தனியாப் பார்க்காத. கண்ணுல தண்ணி வந்தா ஒண்ணு ரெண்டு விட்டுப் போகும். நான் பார்க்கேன், நீ அமுக்கு."

என் பிள்ளையின் உள்பக்கத்தை நான் பார்த்தேன். வெளிர் ரோஜாவில் மடிப்பு மடிப்பாக. அழகாகத்தான் இருந்தது. இருநூறு வரைக்கும் ஒன்றும் இல்லை. நானூறிலும் இல்லை. ஒன்றும் இருக்கக்கூடாதே என்று என் மனசு வேண்டிக்கொண்டது. பெற்ற பிள்ளைக்கு நோய் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு தாய் வேண்டுவதை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் சீனியம்மாள் என் கையைப் பிடித்தாள்.

இரண்டு அடுக்குக்கு நடுவில் ஐந்து இருந்தன. சின்னதாக, கறுப்பாக, ஓரம் மடிந்து. அடுத்த படத்தில் மூன்று. அதற்கடுத்ததில் ஏழு. அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

கடைசிப் படத்துக்குக் கீழே முடிவு எழுதியிருந்தது. "இல்லை. கண்: 3, 9, 14."

நான் அதை மெதுவாக வாசித்தேன். வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பதினாலு என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

சீனியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதியிருக்கிறதை இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"பதினாலு நான்தான்" என்றாள், எனக்குத் தெரியாதது மாதிரி. பிறகு, "எனக்கு ஞாபகமே இல்லடி குருவு. ஒரு நாளைக்கு ஆறு பிள்ளை பார்த்தேன். இதுன்னு ஞாபகமே இல்ல" என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், கதவு வரை போய்த் திரும்பி வந்து, மறுபடி உட்கார்ந்தாள். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் மகளை மருமகன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம். இருவர் சாப்பாடும் அந்தக் கண் எண்ணில்தான் நடந்தது.

நான் அவள்மேல் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை. அவளைப்போல நாலு வருஷம் முன்னாலேயே நான் வந்திருந்தால் அந்தப் பதினாலு நானாக இருந்திருப்பேன்.

*

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் என்னை யாரும் அதுவரை உட்காரச் சொன்னதில்லை.

"டாக்டர் சொன்னாங்கம்மா. ரொம்ப வருத்தமான விஷயம்." ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "உங்க பாக்கி முழுக்கத் தள்ளுபடி பண்ணிடறோம். இங்க ஒரு கையெழுத்து."

"வாசிச்சுட்டுப் போடுறேன் சார்."

"வாசிப்பீங்களா?" என்றார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு பக்கம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். அவர் இரண்டு தடவை போன் பேசி முடித்தார். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: கருணை அடிப்படையில் தள்ளுபடி, இது குறித்து இனி எங்கும் முறையிடுவதில்லை.

"கருணைன்னு போட்டிருக்கு. தப்பு நடந்துச்சுன்னு எங்கயும் இல்லையே சார்?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. உங்களுக்குக் கடன் போகுது."

"கோப்பைத் திருத்துவீங்களா?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க பையன் மாதிரி, குறைமாசத்துல பிறந்து இல்லைன்னு முடிச்சது அறுபத்திமூணு கோப்பு இருக்கு. உங்களுதைத் திருத்தினா எல்லாத்தையும் திறக்கணும். அது ஒரு பக்கம். இன்னொண்ணு, உங்களுது திருந்தினா மூணு கண் எண் ரத்தாகும். மூணாம் நம்பர் இறந்துட்டாங்க. ஒன்பதாம் நம்பர் ஊரைவிட்டே போயிட்டாங்க. மிச்சம் யாருன்னு உங்களுக்கே தெரியும். உங்க பக்கத்து ஸ்டூல். அந்தம்மா சோத்துல நீங்க மண்ணு போடணுமா?"

நல்ல மனுஷர்தான். குரல்கூட உயர்த்தவில்லை.

"அப்ப மிஷின் சார்? அது சூம்பலைத் தள்ளிக்கிட்டேதான இருக்கும்?"

"அதைப் பிறகு பார்த்துக்கலாம்மா."

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். காகிதத்தை மடித்து, இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று கேட்டு எடுத்துவந்தேன். பொய் சொல்லக்கூடாது; பாதி மனசு போட்டுவிடத்தான் சொன்னது. கடன் போகும். சீனியம்மாள் வேலை நிற்கும். வேலு செத்துப் பிழைத்தவனாகவே திரிவான். யாருக்கும் நஷ்டம் இல்லை, இனி பிறக்கப்போகிற குறைமாசப் பிள்ளைகளைத் தவிர.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மிஷினை நீங்களே திருத்த முடியாதா?"

"திருத்தின அறிக்கையைப் பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கும். வாயால சொன்னாக் கேக்காது. அந்தச் சின்னப் பொண்ணு கேஸ் ஒண்ணே ஒண்ணு. அதுவும் முடிவாகிறதுக்கு முன்னாடியே நாம மாத்திட்டோம். அது மிஷினுக்குக் கணக்குல வராது." பிறகு சொன்னார்: "பூட்டைத் திறக்க எனக்கு அதிகாரம் இருக்கு. திறந்து விடறேன். என் வேலைக்கு என்ன ஆகும்கிறதை நான் பார்த்துக்கறேன். ஆனா உண்டுன்னு அமுக்குறது ஒரு கண்ணுதான் செய்யணும். இருக்குன்னு சொல்ல ஒரு கண்ணு போதும்."

*

புதன்கிழமை காலையில் கோப்பு என் திரையில் திறந்து கிடந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டாவது படம். பூட்டு இல்லை. இரண்டு கட்டையும் வேலை செய்தன.

என் விரலை வலதுகட்டைமேல் வைத்தேன். அமுக்க வரவில்லை. பக்கத்தில் சீனியம்மாள் அவள் திரையில் வேறொரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை, பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய படம் நகரவே இல்லை.

"மேனேஜர் என்னையும் கூப்பிட்டாரு" என்றாள், திரும்பாமலே.

"என்ன சொன்னாரு?"

"குருவம்மாகிட்ட நல்லதாச் சொல்லி வைன்னாரு. கையெழுத்தைப் போடச் சொல்லுன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரி சார்னேன். மில்லு முதலாளிகிட்டயும் அப்படித்தான் சொல்வேன்." மூக்கை உறிஞ்சினாள். "போடப் போறியா?"

"தெரியல மதினி."

"எனக்காவா யோசிக்க?"

என் விரல் கட்டைமேலேயே இருந்தது.

"ஏண்டி, நான் கேக்கேன், அறுபத்திமூணுல நான் பார்த்தது எத்தனை இருக்கும்?"

"தெரியாது. பாதிக்கு மேல இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"பாதிக்கு மேல." அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள், அதில் தூசி ஒன்றும் இல்லை. "பொறுக்குறதுல எனக்கு மிஞ்சின கை இல்லைன்னு மில்லுல பேர் எனக்கு. ஒரு சூம்பல் தப்பாது. மூட்டைக்கு அஞ்சு ரூபாய் கூடக் குடுப்பான் அந்தப் பாவி. அந்தக் கையைத்தான் இங்க கொண்டுவந்தேன். வேற கை எனக்கு ஏது?"

"உன்னைக் குத்தம் சொல்லல மதினி."

"நீ சொல்ல மாட்ட. அதுதான் எனக்குத் தாங்கல." ஸ்டூலை இழுத்து என் பக்கம் வந்தாள். அவள் முழங்கால் என் முழங்காலை இடித்தது. "கையை எடு."

"மதினி, உன் நம்பர் போயிரும்."

"தெரியும். நீ அமுக்கினா நீ என் வேலையைக் கெடுத்தன்னு ஆகும். ஆயுசுக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிவ. நான் அமுக்கினா, நான் செஞ்சதை நானே திருத்துனேன்னு ஆகும். எடு கையை."

எடுத்தேன்.

அவள் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணினாள். "சின்னதாத்தான் இருக்கு. ஆனா இருக்கு" என்றாள். வலதுகட்டையை அமுக்கினாள்.

திரை ஒரு நொடி நின்றது. "இந்த அறிக்கையைத் திருத்தவா?" என்று கேட்டது. நான் வாசித்துச் சொன்னேன். மறுபடியும் அமுக்கினாள்.

அவளுடைய திரை அணைந்தது. சத்தம் எதுவும் இல்லை. எதிர்வரிசையில் இருந்தவர்கள் மின்சாரம் போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். என் திரையில் அறுபத்திமூன்று கோப்புகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் 'மறுபடி பார்க்கவும்' என்று வந்தது. அறுபத்திமூன்று வீட்டுக்கும் இன்றே கடிதம் போகும் என்று கடைசி வரி சொன்னது. தங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அந்தக் கடிதத்தை எழுத்துக்கூட்டப்போகிறவர்களை நினைத்தேன்.

சீனியம்மாள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"மார்க்கெட்ல மிளகா வத்தல் காம்பு கிள்ள ஆள் கேக்காங்க" என்றாள். "அதுக்குக் கண்ணு நம்பர் கேக்க மாட்டான்."

"நானும் வீட்டுக்காரரும் இருக்கோம் மதினி."

"ஆமா, நீ பெரிய சீமாட்டி. வாயை மூடு."

அப்போது என் போன் அடித்தது. ஆஸ்பத்திரிக் கணக்கிலிருந்து செய்தி. அறிக்கை திருந்தினால் கணக்கும் தானாகத் திருந்தும். அதற்கு யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன.

"என்னவாம்?" என்றாள்.

"கடன் விஷயம்."

"வாசி."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். "நோயாளி: வேல்ச்சாமி. நிலுவைத் தொகை: பூஜ்யம். காரணம்: இந்த அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை."

அவள் தூக்கின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எட்டு வருஷமாக அந்தக் கடனைக் கட்டி முடிக்கும் நாளை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் போவது, வேலுவுக்குச் சைக்கிள் எடுப்பது, வீட்டுக்காரர் ஒருநாள் மூட்டை தூக்காமல் படுத்துக்கிடப்பது. அதில் எதுவும் அப்போது ஞாபகம் வரவில்லை.

"அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவ வாசி" என்றாள் சீனியம்மாள்.

வாசித்தேன்.